அப்பாவின் பீடிக்கு மாற்று: எந்த டேங்க், எந்த காயில்?

வெலிங்டன் பையன் | குன்னூர் | ஜனவரி 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். புதிய உறுப்பினர், தப்பான பகுதியில் போட்டிருந்தால் மன்னியுங்கள்.

அப்பாவுக்கு 64 வயது. தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பக்கத்தில் 31 வருடம் நின்றவர். பீடி அதற்கும் முன்னாலிருந்தே உண்டு. இப்போது நாளைக்கு ஒரு கட்டு. இந்தப் பனியில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுகிறார், மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது. டாக்டர் "முதல்ல பீடியை விடுங்க, அப்புறம் மருந்தைப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்காரர் இங்கிலாந்தில் இருக்கிறார். அவரும் சிகரெட்டிலிருந்து மின்-சிகரெட்டுக்கு மாறியவர்தான். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது மாமாவுக்கு ஒன்று வாங்கி வருகிறேன் என்று இரண்டு படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று தடிமனானது. டேங்க் குட்டி டம்ளர் மாதிரி இருக்கிறது, 0.2 ஓம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று பேனா மாதிரி ஒல்லி, 1.6 ஓம். பெரியதுக்குத்தான் விலை அதிகம், அதனால் அதுதான் நல்லதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழக்கம் உள்ளவர்கள் எது சரி என்று சொல்லுங்கள்.


பழைய கப்பல்காரன் | கோத்தகிரி | ஜனவரி 6, இரவு 10.25

தம்பி, விலையைப் பார்த்து வாங்கினால் அப்பா ஒரே இழுப்பில் தூக்கி எறிந்துவிடுவார். நானே அப்படி எறிந்தவன்தான்.

18 வருடம் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாங்கி ஆறு வருடம் இதை இழுத்திருக்கிறேன். கரைக்கு வந்த பிறகு அதையும் விட்டாயிற்று. அந்தக் கதை இப்போது வேண்டாம். டேங்க் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். திரி ஸ்டவ் ஒன்று, பம்ப் ஸ்டவ் ஒன்று. இரண்டும் எரியும், ஆனால் வேலை வேறு. டேங்கும் காயிலும் சேர்ந்த அட்டாமைசர் என்பதும் ஒரு குட்டி அடுப்புதான். டேங்கில் திரவம், அதில் ஊறும் பஞ்சுத் திரி, திரியைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். அந்தச் சுருள்தான் காயில். பட்டனை அமுக்கினால் கம்பி சூடாகி, திரியில் இருக்கும் திரவம் ஆவியாகிறது. அவ்வளவுதான் சமாச்சாரம். மற்றதெல்லாம் அலங்காரம்.

இப்போது ஓம் கணக்கு. ஓம் என்றால் கம்பி மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. பேட்டரி 4 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 1.6 ஓம் காயிலில் இரண்டரை ஆம்பியர் ஓடும், 10 வாட் சூடு. ஜீரோ வாட் பல்பு மாதிரி, சாது. அதே 4 வோல்ட்டை 0.2 ஓம் காயிலுக்கு நேரே கொடுத்தால் 20 ஆம்பியர், 80 வாட். எட்டு மடங்கு. புகைமூட்டம் குன்னூர் மலைப்பாதையில் மேகம் இறங்கிய மாதிரி வரும். பையன்கள் அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள்.

ஆனால் பீடிக்காரர் எப்படி இழுக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? கன்னம் உள்ளே போக, சிறுசிறு இழுப்பாக, முதலில் வாயில் வாங்கி, அப்புறம்தான் நெஞ்சுக்கு விடுவார். பீடி இறுக்கமாகச் சுற்றியிருக்கும், காற்று லேசில் வராது. 0.2 ஓம் டேங்கில் காற்றுத் துளை பெரிது, இழுத்தால் நேரே நெஞ்சுக்குள் போய் விழும். பழகாதவருக்கு இருமல் பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் அப்பா இருக்கும் நிலையில் அது வேண்டவே வேண்டாம்.

ஒல்லியானதுதான் அவர் இழுப்புக்குப் பொருந்தும். 1 ஓமுக்கு மேல் காயில், சிறிய காற்றுத் துளை, கண்ணாடி டேங்க். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.


டீத்தூள் | ஊட்டி | ஜனவரி 6, இரவு 10.41

கப்பல் அண்ணா பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். யாராவது ஒரு கிளாஸ் வரக்காப்பி கொடுங்கப்பா, ராத்திரி முழுக்கப் போகும்.


பழைய கப்பல்காரன் | கோத்தகிரி | ஜனவரி 6, இரவு 10.58

சிரி. இன்னும் திரவத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே!

திரவத்தில் இரண்டு அடிப்படைச் சரக்கு. ஒன்று புரொப்பிலீன் கிளைகால், தண்ணீர் மாதிரி ஓடும், தொண்டையில் ஒரு பிடி கொடுக்கும். மற்றது கிளிசரின், தேன் மாதிரி கெட்டி, ஆவி மட்டும் அதிகம். ஒல்லி டேங்கில் திரி நுழையும் ஓட்டை சிறியது. அதில் கிளிசரின் அதிகமுள்ள திரவத்தை ஊற்றினால் திரி ஊறுவதற்குள் கம்பி சூடாகிவிடும், காய்ந்த பஞ்சு கருகும். அந்த ஒரு இழுப்பை வாழ்நாளில் மறக்க முடியாது. அதில் வருவது வெறும் கரிநாற்றம் இல்லை. திரவம் தீய்ந்தால் ஃபார்மால்டிஹைடு மாதிரி விஷமெல்லாம் கிளம்பும். அதனால் இரண்டும் பாதிப்பாதி கலந்ததுதான் ஒல்லி டேங்குக்கு.

புது காயில் போட்டால் திரியில் நாலு சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் முதல் இழுப்பிலேயே காயிலைக் கொன்றுவிடுவான். சீனாவில் ஒரு மருந்தாளர், ஹோன் லிக் என்று பெயர், 2003 வாக்கில் இப்போதைய மின்-சிகரெட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய முதல் கருவியில் கம்பிச் சுருளே சூடாக்கும் வேலையைச் செய்யவில்லை, அதிர்வலையில் திரவத்தைத் தூவலாக்கினார். அப்புறம்தான் உலகம் முழுக்கக் கம்பிச் சுருளுக்கு வந்தது. சாமானைப் புரிந்துகொண்டால் தேர்வு தானாக வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.


கொடை வாத்தியார் | கொடைக்கானல் | ஜனவரி 7, காலை 6.50

கப்பல்காரர் சொன்ன கிளிசரின் விஷயத்தில் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சேர்க்கை உண்டு. நான் இயற்பியல் வாத்தியார், வேப் என்கிற இந்த மின்-சிகரெட்டைப் பிடித்ததில்லை. ஆனால் மாணவர்களிடம் பறிமுதல் செய்தது மேசை டிராயரில் கிடந்து கசிந்து, விடைத்தாள் கட்டையே நாசம் செய்த அனுபவம் உண்டு.

கிளிசரின் குளிரில் எவ்வளவு கெட்டியாகிறது தெரியுமா? 20 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு, 10 டிகிரிக்கு வந்தால் இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். இங்கே ஜனவரி விடியற்காலை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் பார்க்கிறது. சமவெளியில் ஒழுங்காக ஊறும் திரி இங்கே ஊறாது.

அடுத்தது காற்றழுத்தம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே, அதே கதைதான் டேங்குக்குள்ளும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் சுமார், குன்னூர் 1,850. 14 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது, மூடிக் கிடக்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். டேங்கில் திரவத்துக்கு மேலே இருக்கும் அந்தக் காற்றுக் குமிழ் விரிந்தால் திரவத்தைத்தானே தள்ளும்? திரி வழியாகக் காயிலுக்குள் வந்து, காற்றுத் துளையில் ஒழுகி, சட்டைப் பை நனைந்துவிடும். பாதி காலியான டேங்கில் குமிழ் பெரிது, ஒழுகலும் அதிகம். ஏறுவதற்கு முன் ஒன்று முழுக்க நிரப்ப வேண்டும், இல்லை முழுக்கக் காலி செய்ய வேண்டும்.

விமானத்திலும் இதே கூத்து நடக்கும். உள்ளே வைத்திருக்கும் அழுத்தம் ஏறக்குறைய நம் குன்னூர், ஊட்டி உயரத்துக்குச் சமம். விமானத்தில் பறக்கிறவன் இரண்டு மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்துவிட்டு இறங்குகிறான் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடுகிறது, அதனால்தான் நம் வீட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது.


வெலிங்டன் பையன் | குன்னூர் | ஜனவரி 7, காலை 8.15

வாத்தியார் சார், கப்பல் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. அப்படியானால் ஒல்லியானது, பாதிப்பாதி திரவம், கண்ணாடி டேங்க். மச்சானிடம் சொல்லிவிடுகிறேன். நிகோடின் எத்தனை மில்லிகிராம் வாங்கச் சொல்ல?


தைலக்காரி | குந்தா | ஜனவரி 7, காலை 9.02

நிகோடினே இல்லாமல் நம்ம நீலகிரித் தைலத்தை அதில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தால் என்ன? சளிக்கும் நல்லதுதானே. எங்கள் வீட்டில் தைலம் காய்ச்சுகிறோம், சுத்தமானது.


கேத்தி மருந்தாளர் | கேத்தி | ஜனவரி 7, காலை 9.20

வேண்டாம் அக்கா, வேண்டவே வேண்டாம்! இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவிடுவார்கள் என்று கடையைத் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்து எழுதுகிறேன்.

ஆவி பிடிப்பது வேறு. கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு சொட்டு, துண்டைப் போர்த்தி மூச்சு விடுகிறோம். சூடான கம்பியில் எண்ணெயைத் தீய்த்து நுரையீரலுக்குள் நேரே அனுப்புவது அப்படி இல்லை. எண்ணெய்ச் சரக்கு எதுவாயிருந்தாலும் நுரையீரலுக்கு ஆகாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குத் திடீரென்று நுரையீரல் கெட்டு, 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சரக்கு கஞ்சாத் திரவம். அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்கிற எண்ணெய்ச் சரக்குதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். தோலில் தடவ நல்லது, சாப்பிட நல்லது. நெஞ்சுக்குள் போனபோது கொன்றது.

சரி, அதை விடுங்கள். நேற்று ராத்திரியிலிருந்து இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், அடிப்படை விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லையே? நம் நாட்டில் இது தடை. கப்பல்காரரே, உங்களுக்குக்கூடவா தெரியாது?


பழைய கப்பல்காரன் | கோத்தகிரி | ஜனவரி 7, காலை 10.05

தெரியும். கேட்டது எந்த டேங்க் என்று, அதற்குப் பதில் சொன்னேன். ஆனால் முதல் வரியிலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.


கோர்ட்டு வாசல் | ஊட்டி | ஜனவரி 7, மதியம் 1.30

சட்டத்தைக் கொஞ்சம் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், பாதி கேள்விப்பட்டுத்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது. தமிழ்நாட்டில் 2018லேயே தடை போட்டாயிற்று. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, எடுத்துச் செல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம், எல்லாம் குற்றம். முதல் முறை ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருடம் வரை, ஐந்து லட்சம் வரை. இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம்.

"டேங்க் மட்டும் ஒரு பையில், பேட்டரி இன்னொரு பையில்" என்று யோசனை சொல்லும் ஆட்கள் உண்டு. சட்டத்தில் முழுப் பொருளோ அதன் எந்தப் பாகமோ என்றே எழுதியிருக்கிறது. காயில் ஒன்று தனியாக வந்தாலும் அதுதான். நிகோடின் இல்லாத திரவம் என்றாலும் தப்ப முடியாது. சூடாக்கி, உள்ளிழுக்கும் ஆவி தருகிற மின் கருவி எல்லாமே, நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வரையறைக்குள் வருகிறது. மருந்துச் சட்டத்தில் உரிமம் பெற்றவைக்கு மட்டும் விலக்கு.

உங்கள் அக்கா வீட்டுக்காரர் விமான நிலையத்தில் இறங்கும்போதே அது இறக்குமதி. அவருக்கு அங்கே அது சாதாரணப் பொருள். அதனால் அவருக்கு இது தோன்றாமலே போயிருக்கலாம்.


காரட் தோட்டம் | கேத்தி | ஜனவரி 7, மதியம் 2.12

இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. பீடி ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. ஊர்க்காரன் நெஞ்சு கருகிச் சாகலாம், அதைவிடக் குறைந்த கேட்டுக்கு மாற நினைத்தால் ஜெயிலா? இங்கிலாந்தில் சர்க்காரே மாறச் சொல்கிறார்களாமே. தொட்டபெட்டாவில் போய்ப் பாருங்கள், வெளியூர்ப் பையன்கள் கையில் கலர் கலராக வைத்துக்கொண்டுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். கல்லாறு செக்போஸ்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கத் தெரிகிறது, இதைப் பிடுங்கத் தெரியவில்லையா?


கேத்தி மருந்தாளர் | கேத்தி | ஜனவரி 7, மாலை 4.45

அண்ணே, உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் சிகரெட்டை நிறுத்த இதைச் சிபாரிசு செய்கிறார்கள் என்பது உண்மை. நிகோடின் உள்ள மின்-சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்கள், நிகோடின் சூயிங் கம், தோலில் ஒட்டும் பேட்ச் வைத்து விட்டவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பும் சொல்கிறது. அதை மறைக்க எனக்கு மனசில்லை.

ஆனால் அங்கே டேங்க் 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, நிகோடின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இத்தனை கட்டுப்பாடு வைத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரு தடவை பிடித்துத் தூக்கிப் போடும் வகையை 2025 ஜூனில் அவர்களே தடை செய்தார்கள். இங்கே கிடைப்பது முழுக்கக் கள்ளச் சந்தை. அந்தத் தொட்டபெட்டா பையன் இழுக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அதை விற்றவனுக்கே தெரியாது. மச்சான் நல்ல சரக்காகவே கொண்டு வந்தாலும், ஒரு பாட்டில் தீர்ந்ததும் அடுத்ததை அப்பா எங்கே வாங்குவார்? காயில் இரண்டு வாரத்தில் கருகினால்? கள்ளச் சந்தைக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் பீடிக்கே திரும்ப வேண்டும்.

சட்டம் நியாயமா என்று தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இந்தத் தம்பிக்கு வேண்டியது இந்த மாதம் என்ன செய்வது என்பது.


மட்டுறுத்துனர் | ஜனவரி 7, மாலை 6.00

ஒரு உறுப்பினர் "என்னிடம் இருக்கிறது, தனிமடலில் வாருங்கள்" என்று எழுதியிருந்தார். நீக்கியாயிற்று, அவரும் வெளியே. கருவி எப்படி வேலை செய்கிறது என்று பேசலாம். வாங்க விற்க இங்கே இடமில்லை.


வெலிங்டன் பையன் | குன்னூர் | ஜனவரி 7, இரவு 9.10

எனக்கு உண்மையிலேயே தெரியாது. மச்சானுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் அதிர்ந்துபோனார். நல்லவேளை இங்கே கேட்டேன்.

ஆனால் அப்பா இருமல் அப்படியேதான் இருக்கிறது. நேற்று ராத்திரியும் இரண்டு மணி. இருமி முடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய் ஒரு பீடி பற்றவைக்கிறார். என்ன சொல்ல?


பழைய கப்பல்காரன் | கோத்தகிரி | ஜனவரி 7, இரவு 10.30

தம்பி, நான் முதலில் வேண்டாம் என்று வைத்த என் கதை இப்போது உதவும்.

ஆறு வருடம் வேப். கரைக்கு வந்து இரண்டு மாதத்தில் சரக்கு தீர்ந்தது. மறுபடி சிகரெட்டா என்று நின்றபோது ஒன்று புரிந்தது. டேங்க் தேடும்போது என்னென்ன கணக்குப் போட்டேனோ அதே கணக்கை வேறு பொருளுக்கும் போடலாம். எனக்கு எவ்வளவு நிகோடின் வேண்டும், எவ்வளவு வேகமாக வேண்டும், கைக்கும் வாய்க்கும் என்ன வேலை வேண்டும். ஓம், வாட், காற்றுத் துளை எல்லாம் இந்த மூன்றுக்குத்தானே! நான் பேட்ச் ஒட்டிக்கொண்டு, கைக்கு வேலையாக ஒரு பட்டைத் துண்டைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நாலு மாதம். அசிங்கமாகத்தான் இருந்தது.

அப்பாவைக் கவனியுங்கள். முதல் பீடி எழுந்து எத்தனை நிமிடத்தில்? எந்தெந்த நேரம் கூடுகிறது? அதை எழுதி மருந்தாளரிடம் கொடுங்கள்.


வெலிங்டன் பையன் | குன்னூர் | ஜனவரி 9, இரவு 8.20

இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். எழுந்து பத்து நிமிடத்துக்குள் முதல் பீடி, முகம் கழுவுவதற்கு முன்னால். ஒவ்வொரு டீக்கும் ஒன்று, சில டீக்கு இரண்டு. டீ ஒரு நாளைக்கு ஏழு! சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. அப்புறம் அந்த இரண்டு மணி பீடி. மீதி நடுநடுவே. மொத்தம் 22.


கேத்தி மருந்தாளர் | கேத்தி | ஜனவரி 9, இரவு 9.35

நல்ல வேலை செய்தீர்கள். எழுந்து அரைமணிக்குள் முதல் பீடி என்றால் உடம்பு நிகோடினில் நன்றாகவே கட்டுண்டிருக்கிறது. பீடியில் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்குதான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி இழுப்பார்கள், உள்ளே போகும் நிகோடின் குறைவில்லை.

நிகோடின் சூயிங் கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு உண்டு. 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், அப்பாவுக்கு அதுதான் தேவைப்படலாம். சாதாரண சூயிங் கம் மாதிரி சவசவ என்று மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு மெல்லல். அரைமணி இப்படி.

அந்த ஏழு டீதான் இதில் சிக்கல். டீ, காப்பி, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் வாயைப் புளிப்பாக்கும், புளித்த வாயில் நிகோடின் ஏறாது. டீ குடித்து கால்மணி நேரம் கழித்துத்தான் மெல்ல வேண்டும். தேயிலை ஊரில் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள், ஆனால் "கம் வேலை செய்யல" என்று என்னிடம் திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் டீ கிளாஸோடுதான் வருகிறார்கள்.


வெலிங்டன் பையன் | குன்னூர் | ஜனவரி 9, இரவு 9.50

சார், அப்பாவுக்குப் பல்செட்.


டீத்தூள் | ஊட்டி | ஜனவரி 9, இரவு 9.52

ஐயோ.


கேத்தி மருந்தாளர் | கேத்தி | ஜனவரி 9, இரவு 10.10

இதை முதலில் கேட்காதது என் தப்பு. கம் பல்செட்டில் ஒட்டிக்கொண்டு பிடுங்கி எடுத்துவிடும். அப்படியானால் லாசஞ்ச், வாயில் போட்டுக் கரைய விடும் மாத்திரை. அதற்கும் டீ விதி உண்டு. கூடவே பேட்ச். தோலில் ஒட்டினால் நாள் முழுக்கச் சீராக இறங்கும், லாசஞ்ச் அந்த டீ நேரத்துத் தவிப்புக்கு. 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறக்குவார்கள். ஆனால் 64 வயது, மூச்சிரைப்பு வேறு. இதயத்தையும் பார்த்துவிட்டு டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும், நான் இங்கே உட்கார்ந்து சொல்லக் கூடாது.

இன்னொன்று. அட்டாமைசர்தான் வேண்டும் என்று அப்பா அடம்பிடித்தால், டாக்டரிடம் நெபுலைசர் பற்றிக் கேளுங்கள். அதுவும் மருந்தைத் தூவலாக்கும் கருவிதான், அதற்குத் தடை இல்லை!

பீடிக் கட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800 11 2356 எண்ணுக்கும் போன் போடச் சொல்லுங்கள். காசில்லை, தமிழிலும் பேசுகிறார்கள்.


தைலக்காரி | குந்தா | ஜனவரி 10, காலை 7.30

தைலம் பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஐயாவும் பீடிதான். அந்த இரண்டு மணி பீடிக்கு அம்மா ஒன்று செய்தார்கள். பீடியை ஒளிக்கவில்லை, தீப்பெட்டியை மட்டும் பக்கத்து அறையில் மேல் பரணில் வைத்தார்கள். குளிரில் எழுந்து ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பத்து நாளில் ஏழு நாள் சோம்பல் ஜெயித்தது.


வெலிங்டன் பையன் | குன்னூர் | பிப்ரவரி 2, இரவு 9.05

மன்னிக்கவும், மூன்று வாரம் ஆகிவிட்டது. டாக்டரிடம் போனோம், ஊதச் சொல்லி மூச்சுப் பரிசோதனை எடுத்தார்கள். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார், பேட்ச் 21, டீ நேரத்துக்கு லாசஞ்ச். அப்பா முதலில் "பீடியை விடச் சொல்லிவிட்டு மிட்டாய் கொடுக்கிறான்" என்று கத்தினார். நாலாம் நாள் பழைய பீடிக் கட்டுக் காகிதத்திலேயே லாசஞ்சைச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், கை அங்கேதானே போகிறது என்கிறார். கப்பல் அண்ணா சொன்ன கைக்கு வேலை அதுதான் போல.

22 இப்போது 3. ஒன்று காலையில், ஒன்று சாப்பாட்டுக்குப் பின், ஒன்று எப்போது என்று சொல்லமாட்டேன் என்கிறார். தீப்பெட்டி பரணில் இருக்கிறது, தைல அக்காவுக்கு நன்றி. பேட்ச் ஒட்டியிருக்கும்போது பீடி பிடிப்பதை டாக்டரிடம் சொல்லச் சொன்னேன், அடுத்த வாரம் போகிறோம்.

மச்சான் வந்திருக்கிறார், வெறும் கையோடு. சாக்லேட் மட்டும்.

ஒரு சந்தேகம். பேட்ச் மத்தியானத்துக்குள் உரிந்து வந்துவிடுகிறது. நேற்று ஸ்வெட்டருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருக்காவது இப்படி?


கேத்தி மருந்தாளர் | கேத்தி | பிப்ரவரி 2, இரவு 9.40

மலைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பிரச்சினைதான். எண்ணெய் தேய்த்த உடம்பில் ஒட்டாது, குளித்து நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு, முடி இல்லாத இடத்தில், உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு இடம் மாற்றுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றும்போது கை உரசித்தான் பெரும்பாலும் உரிகிறது, அதனால் புஜத்தில் வேண்டாம், முதுகின் மேல்பக்கம் தோள்பட்டைக்குக் கீழே நீங்களே ஒட்டிவிடுங்கள். கை எட்டாத இடம், பிய்த்துப் போடவும் முடியாது.


பழைய கப்பல்காரன் | கோத்தகிரி | பிப்ரவரி 2, இரவு 9.58

உள்ளே ஒரு பழைய பருத்தி பனியனும் போட்டுவிடுங்கள் தம்பி. நான் அப்படித்தான் சமாளித்தேன்.